உடைந்தது வெல்டு அல்ல, அதன் ஓரம்

இன்னொரு 4140 ஷாஃப்ட் (குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கால் ஆன சுழல்தண்டு), அதே வெல்டு ஓரத்தில் உடைந்து பரிசோதனைக்கு வந்திருக்கிறது. கூடவே வரும் கேள்வியும் அதேதான்: "சர்டிஃபிகேட்டில் கார்பன், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் உடைந்தது?"

கலவை சரிதான். கலவையைப் பார்த்தாலே வலிமை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 0.4 சதவீதக் கார்பன் உள்ள அதே 4140-ஐ அனீல் செய்தால் (சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால்) உள்ளே ஃபெரைட், பியர்லைட் என்ற மென்மையான நுண்கட்டங்கள் இருக்கும். இழுவலிமை சுமார் 650 மெகாபாஸ்கல். எண்ணெயில் குவென்ச் செய்து (சட்டென்று குளிரவைத்து) 600 டிகிரி செல்சியஸ் அருகே டெம்பர் செய்தால் (மீண்டும் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைத்தால்) 1000 மெகாபாஸ்கல் பக்கம் ஏறும், அடியும் தாங்கும். டெம்பரை விட்டுவிட்டால் கடினம் 55 ராக்வெல் சி-யைத் தாண்டும், ஆனால் அடி விழுந்தால் நொறுங்கும். மூன்றுக்கும் கெமிஸ்ட்ரி ஒன்றுதான். மாறியதெல்லாம் நுண்கட்டமைப்பு. ஆகவே சர்டிஃபிகேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் விவரமும் கடின அளவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை இருந்தாலும், வெல்டு வைத்த நொடியிலிருந்து அந்த இடத்துக்கு அவை பொருந்தாது.

வெல்டு வரியை ஒட்டிய சில மில்லிமீட்டர், ஆஸ்டெனைட் (உருக்கு மிகுந்த சூட்டில் எடுக்கும் கட்டமைப்பு) ஆகும் அளவுக்குச் சூடேறுகிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த, கனமான ஷாஃப்ட் அந்தச் சூட்டை நொடிகளில் உறிஞ்சிவிடும். எண்ணெயே இல்லாமல் நடக்கும் குவென்ச் அது. மிஞ்சுவது டெம்பர் ஆகாத மார்ட்டென்சைட், கடினமான ஆனால் நொறுங்கும் கட்டமைப்பு. ஈரமான வெல்டிங் ராடின் ஹைட்ரஜனும், ஆறும்போது இழுக்கும் தகைவும் சேர்ந்தால் விரிசல் விடும், அதுவும் பல மணி நேரம் கழித்து. ஆறியவுடன் சோதித்து ஓகே போடாதீர்கள். 48 மணி நேரம் கழித்துக் காந்தத் துகள் சோதனை (காந்தமாக்கி, இரும்புத் துகள் தூவி விரிசலைத் தேடுவது) செய்யுங்கள்.

முழுச் சுமை ஏற்கும் இடமா? வெல்டே வேண்டாம், புது ஷாஃப்ட் கடையுங்கள். வேறு வழியில்லை என்றால் முன்சூடு 250 முதல் 300 டிகிரி, முழுத் தடிமனுக்கும். டார்ச்சை இரண்டு நிமிடம் காட்டுவது முன்சூடு ஆகாது. பாஸ்களுக்கு (வெல்டு அடுக்குகளுக்கு) இடையிலும் சூடு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 7018 ராடை (ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராட்) 350 டிகிரியில் 1 மணி நேரம் ஓவனில் வைத்து, சூடான பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். முடிந்ததும் போர்வை போட்டு மெதுவாக ஆறவிட்டு, மீண்டும் டெம்பர் செய்யுங்கள். ஷாஃப்ட்டின் பழைய டெம்பர் வெப்பநிலைக்கு 30 டிகிரியாவது குறைவாக இருக்கட்டும். அதைத் தாண்டினால் முழு ஷாஃப்ட்டும் வலிமை இழக்கும்.

 

தயவுசெய்து ராடை ஷாஃப்ட்டின் மேல் தட்டி ஆர்க் எடுக்காதீர்கள். அந்தப் பொட்டு அளவு தடத்திலும் மார்ட்டென்சைட்தான், ஃபடீக் விரிசல் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் வருவது) அங்கிருந்தே தொடங்கும். ஏற்கெனவே தட்டியிருந்தால் தடம் போகும்வரை கிரைண்ட் செய்து, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகே ஷாஃப்ட்டை மாட்டுங்கள்.