டெல்டியாலஜி: அஞ்சலட்டை சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல்

பட அஞ்சலட்டைகளைச் சேகரித்து ஆராய்வதற்கு 'டெல்டியாலஜி' என்று பெயர். ஸ்டாம்ப் சேகரிப்பைக் குறிக்கும் 'பிலாட்டலி' அளவுக்கு இது பரவவில்லை. அட்டை சேர்ப்பவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டும் கிரேக்க வேர்களை ஒட்டிப் பிற்காலத்தில் உண்டாக்கியவை. 'பிலாட்டலி'யை 1864-இல் உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் எர்பான். 'ஃபிலோஸ்' விருப்பம், 'அடெலேயா' கட்டண விலக்கு. ஸ்டாம்ப் வருவதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுத்தார். ஒட்டி வந்தால் அவர் கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் அந்த விலக்கு. 'டெல்டியாலஜி'யைத் தந்தவர் அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ராண்டல் ரோட்ஸ், 1945-இல். கிரேக்கத்தில் 'டெல்டோஸ்' எழுதுபலகை, 'டெல்டியான்' சின்னப் பலகை. டெல்டோஸே கதவைக் குறிக்கும் பினீசிய (பழைய மத்தியதரைக் கடல் வணிகர்களின் மொழி) சொல்லிலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். இரண்டு பலகைகளைக் கீல் வைத்து இணைத்து, மெழுகு பூசி எழுதிய காலம் அது.

உலகின் முதல் அதிகாரப்பூர்வ அஞ்சலட்டையை 1869 அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி வெளியிட்டது. அதில் படம் கிடையாது. அடுத்த மாதமே சூயஸ் கால்வாய் திறந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வெப்பமண்டலப் பட அட்டைகளுக்கு வழி போட்டன என்பேன். கிழக்கே போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நிற்கும். பயணிகள் கரையிறங்கி ஊர் சுற்றுவார்கள். 1890-இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை அவர்களுக்கு அட்டை விற்றன: கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, கட்டுமரம், பேராதனைப் பூங்கா, குளிக்கும் யானைகள். தேயிலை பறிக்கும் பெண்களும் உண்டு. நம் ஊர்களிலிருந்து மலையேறிப் போனவர்கள் அவர்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் 'தமிழ்ப் பெண்', 'தேயிலை பறிப்பவர்' என்று மட்டும் இருக்கும். பெயர் இல்லை. அழகான அட்டைதான், ஆனாலும் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அந்தக் காட்சிகள் ஸ்டாம்பிலும் ஏறின. 1935-இல் தொடங்கிய இலங்கைப் பட வரிசையில் ரப்பர் பால் எடுப்பது, தேயிலை பறிப்பது, தென்னைகள், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், திருகோணமலை எல்லாம் உண்டு. வெப்பமண்டலக் காட்சி சேர்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையிலிருந்து தொடங்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தபால்தலை, அஞ்சல்தலை இரண்டும் தமிழ்நாட்டில் வழக்கில் உள்ளவை. இலங்கையில் 'முத்திரை' என்பார்கள். ஆகவே பிலாட்டலிக்கு அஞ்சல்தலை சேகரிப்பு, முத்திரை சேகரிப்பு என்றால் போதும். டெல்டியாலஜிக்கு 'அஞ்சலட்டை சேகரிப்பு' பாதிதான் பொருந்துகிறது, ஏனென்றால் இதில் ஆய்வும் அடக்கம். ஓர் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவே கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கும் மறுபாதி முகவரிக்கும் பிரித்திருக்கிறதா? இந்தப் பிரிப்பைப் பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது, பிரான்ஸ் 1904-இல், ஜெர்மனி 1905-இல், அமெரிக்கா 1907-இல். அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். கோடு இல்லாத பழைய அட்டை கையில் கிடைத்தால் அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம். அப்புறம் அச்சகத்தின் பெயர், அஞ்சலகம் குத்திய முத்திரையின் தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு 'அஞ்சலட்டையியல்' என்ற சொல்லே சரி. வெறுமனே சேர்த்து வைப்பதை 'அட்டை சேர்ப்பு' என்றே சொல்லலாம். 'டெல்டியாலஜிஸ்ட்' என்பவர் அஞ்சலட்டையியலர்.

அட்டையும் ஸ்டாம்பும் சேரும் இடத்தில் 'மேக்ஸிமம் கார்டு' என்று ஒன்று இருக்கிறது. தென்னைப் படம் போட்ட அட்டை, அதன் படப்பக்கத்திலேயே தென்னை ஸ்டாம்ப், அதன்மேல் அதற்குப் பொருத்தமான ஊரின் அஞ்சலகம் குத்திய முத்திரை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதை 'உச்ச அட்டை' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. 'மும்மைப் பொருத்த அட்டை' என்று சொல்லிப் பார்க்கலாம். அது வழக்கில் வரும் வரை மேக்ஸிமம் கார்டு என்றே எழுதுவது நல்லது.