பன்னிரண்டு இலக்கம் இருந்தால் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கணினியும் கைப்பேசியும் பழுது பார்க்கிறேன். போன மாதம் செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர் கைப்பேசியை நீட்டும்போதே மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வாய்விட்டுச் சொன்னார். அவருடைய ஐ.சி. எண், அதாவது அடையாள அட்டை எண்.

"பன்னெண்டு நம்பர் தம்பி, யாரு கண்டுபிடிக்கப் போறா?"

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. முகநூல் வாழ்த்திலேயே அது தெரிந்துவிடும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. தெரியாத மூன்று இலக்கத்துக்கு 1,000 வாய்ப்பு, கடைசி இலக்கத்துக்கு 5. லட்சம் கோடி வாய்ப்பு இருக்கவேண்டிய இடத்தில் மிஞ்சுவது வெறும் 5,000. கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பெரிய பகா எண்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்னும் தகவல் பூட்டு இன்றும் இணையத்தில் புழங்குகிறது. இரண்டு பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊரறியச் சொல்வார்கள். 101ஐ 103ஆல் பெருக்க நொடி போதும். 10403ஐக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால் பேனாவை வைத்துக்கொண்டு திணறுவோம். உண்மையான பூட்டில் ஒவ்வொரு பகா எண்ணும் சுமார் 309 இலக்கம். அந்த அளவில் அவை அரிதும் அல்ல: சராசரியாக 710 எண்ணுக்கு ஒன்று பகா எண். 2020இல் வெறும் 250 இலக்கப் பெருக்கல் விடை ஒன்றை உடைக்கவே ஒற்றைக் கணினிக் கரு (core) 2,700 ஆண்டு உழைக்கும் அளவு வேலை பிடித்தது.

ஆனால் 2012இல் ஆய்வாளர்கள் இணையத்தில் ஊரறியக் கிடந்த லட்சக்கணக்கான பெருக்கல் விடைகளைத் திரட்டிப் பார்த்தபோது, பல கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்திருந்தன. மின்சாரம் வந்த கையோடு, குலுக்கிப்போடப் போதிய சீட்டு சேருமுன்பே, அதாவது தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வழி அமையுமுன்பே, எண்ணைப் பொறுக்கிய ரௌட்டர் போன்ற கருவிகள் அவை. அப்படியானால் உடைப்பது எவ்வளவு எளிது பாருங்கள். ஒருவர் ஊரறியச் சொன்ன விடை 10403, இன்னொருவருடையது 10807. கழித்தால் 404. 10403ஐ 404ஆல் வகுத்தால் மீதி 303. 404இலிருந்து 303 போனால் 101. அது 303ஐ மீதியின்றி வகுக்கிறது. பொதுக் காரணி கையில்! கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த வழி இது; 309 இலக்கத்துக்கும் கண நேரத்தில் வேலை செய்யும்.

2017இல் எஸ்டோனியா நாட்டு அடையாள அட்டைகளுக்கு வந்ததும் இதன் தம்பிதான். பகா எண்ணை விரைவாகத் தேடச் சில்லுக்குள் குறுக்குவழி வைத்திருந்தார்கள். எண்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வந்தன. சுமார் 760,000 அட்டைகளின் மின்சான்றுகளை அந்த நவம்பரில் நிறுத்திவைக்க நேர்ந்தது. எண்கள் சிறியவை அல்ல, ஊகிக்கக்கூடியவை.

அக்காவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு இடத்தில் திறந்து, விரல் பட்ட சொற்களைக் கோத்துக் கடவுச்சொல் ஆக்குங்கள். பிடித்த சொல்லாகத் தேடாதீர்கள். பிடித்தது பிறருக்கும் தெரியும். மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறெதற்கும் வைக்காதீர்கள். மறந்துபோகும் என்றால் தாளில் எழுதி, பத்திரங்களோடு வீட்டில் பூட்டிவையுங்கள். பழுது பார்ப்பவனான என்னிடம்கூடச் சொல்லவேண்டாம். திரையைத் திறந்து கொடுத்தால் போதும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்தால் கடைக்கு வராதீர்கள், உடனே வங்கியையோ, மலேசியாவில் பண மோசடிக்கான 997 எண்ணையோ அழையுங்கள்.