கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் சில்லு

மேசையில் கவிழ்த்து வைத்த போனை "ஹே சிரி" என்றோ "ஓகே கூகுள்" என்றோ கூப்பிட்டால் விழித்துக்கொள்கிறது. அப்படியென்றால் கூப்பிடாத நேரத்திலும் அது காதைத் தீட்டிக்கொண்டுதானே இருந்திருக்க வேண்டும்? ஒட்டுக்கேட்கிறதோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு வேறொரு கேள்வி: நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தும் பேட்டரி எப்படித் தீராமல் இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி ஆற்றல் இருக்கும். போனின் பெரிய செயலி ஒரு வாட் எடுத்துக்கொண்டு இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், வேறெந்த வேலையும் செய்யாமலேயே 19 மணி நேரத்தில் பேட்டரி காலி. அதே வேலையை ஒரு மில்லிவாட்டில் முடித்தால் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும்.

அதனால்தான் பெரிய செயலியைத் தூங்கவிட்டு, ஒரு குட்டிச் செயலியை மட்டும் விழித்திருக்க வைக்கிறார்கள். அடுக்குமாடி வாசலில் இருக்கும் வாட்ச்மேன் மாதிரி. வந்தவர் யார், என்ன விஷயம் என்றெல்லாம் அவர் ஆராய வேண்டியதில்லை. பெல் அடிக்கலாமா வேண்டாமா என்று தெரிந்தால் போதும். ஆப்பிள் 2017-இல் வெளியிட்ட விவரப்படி, அப்போதைய ஐபோனில் இந்த வாட்ச்மேன் வேலையைச் செய்தது ஐந்து அடுக்குகள் கொண்ட ஒரு சின்ன நரம்பு வலைப்பின்னல், அதாவது எண்களை அடுக்கடுக்காகப் பெருக்கிக் கூட்டி முடிவெடுக்கும் ஒரு நிரல். அடுக்குக்கு 32 அலகுகள்தான். "கூப்பிட்டது போல இருக்கிறதே" என்று அதற்குப் பட்டால் பெரிய செயலியை எழுப்பும். அங்கே அடுக்குக்கு 192 அலகுகள் கொண்ட இன்னொரு வலைப்பின்னல் அதே ஒலியை மறுபடி கேட்டு உறுதி செய்யும். இவ்வளவு இருந்தும் தவறு நடக்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுப் பேச்சுப்பெட்டி, டிவி சீரியலில் யாரோ அழுததற்கெல்லாம் "சொல்லுங்கள்" என்று எழுந்திருக்கிறது.

அந்தக் குட்டிச் செயலி உள்ளுக்குள் என்ன செய்கிறது? மைக்கிலிருந்து நொடிக்கு 16,000 அளவீடுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு பைட் என்றால் நொடிக்கு 32,000 பைட். இதை அப்படியே வலைப்பின்னலுக்குள் கொட்டுவதில்லை. ஒலியை 30 மில்லிநொடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று 40 எண்களாகச் சுருக்குகிறார்கள். ஒரு நொடிக்கு 49 துண்டுகள் என்று வைத்தால் மொத்தம் 1,960 எண்கள். ஒலி இப்போது ஒரு சின்னக் கறுப்பு-வெள்ளைப் படமாகிவிட்டது. படத்தில் அந்தச் சொல்லின் சாயல் தெரிகிறதா என்று பார்ப்பதே மிச்ச வேலை. பொழுதுபோக்காக மின்னணு செய்பவர்கள் வாங்கும் அர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ் பலகையில் இருப்பது வெறும் 256 கிலோபைட் ரேம். ஓரிரு சொற்களை அடையாளம் காணப் பழக்கிய வலைப்பின்னல் (இதை 'மாதிரி', ஆங்கிலத்தில் மாடல், என்பார்கள்) சுமார் 20 கிலோபைட் அளவில், அதற்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது.

மாதிரி சிறியதாக இருந்தால் பெருக்கல்கள் குறையும், மின்சாரம் மிச்சம் என்று தோன்றும். அது பாதிதான் சரி. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் 45 நானோமீட்டர் சில்லுகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். இரண்டு 32-பிட் தசம எண்களைப் பெருக்க ஏறக்குறைய 4 பிக்கோஜூல் (ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆற்றல்) போதும். சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுக்க 5. அதே எண்ணை வெளியே இருக்கும் டிராம் நினைவகத்திலிருந்து கொண்டுவர 640! சமையலில் கை ஓயாமல் கிளறுவதற்கு ஆகும் சிரமம் சொற்பம்தான். ஒவ்வொரு சிட்டிகை மஞ்சளுக்கும் தெருமுனைக் கடைக்கு ஓடினால் என்னாகும்? அடுப்புப் பக்கத்திலேயே அஞ்சறைப்பெட்டி இருப்பது அதற்குத்தான். மாதிரி 20 கிலோபைட்டுக்குள் இருப்பதன் உண்மையான லாபம், அது முழுசாக அஞ்சறைப்பெட்டிக்குள் அடங்குகிறது என்பதே.

ஒலியை வைஃபை வழியாக எங்கோ அனுப்பி அங்கே கேட்கச் சொல்வது இன்னும் தூரத்துக் கடை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வெய்சர், கண்ணில் படாமல் எங்கும் கலந்திருக்கும் கணினிகளைப் பற்றி 1991-இல் எழுதினார். அப்படிப்பட்ட ஒரு கணினி பொத்தான் பேட்டரியில் ஓட வேண்டுமென்றால், ஒரு மில்லிவாட்டில்கூட அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கு வாரம்தான். தரவு பிறக்கும் இடத்திலேயே வேலையை முடிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

சரி, மின்சாரத்துக்குப் பஞ்சமில்லாத தரவு மையத்தில் இந்தக் கவலை இருக்காதல்லவா? அங்கேயும் இதேதான். பயனர்கள் நாளுக்கு மூன்று நிமிடம் குரல் தேடலைப் பயன்படுத்தினாலே தரவு மையங்களை இரட்டிப்பாக்க வேண்டிவரும் என்று 2013-இல் கூகுள் கணித்தது. 2015-இல், நரம்பு வலைப்பின்னல் கணக்குகளுக்கென்றே செய்த டிபியு என்ற தனிச் சில்லைக் களத்தில் இறக்கினார்கள். அதில் 256-க்கு 256 என்று கட்டம் கட்டி நின்றன 65,536 பெருக்கிகள், அதாவது எண்களைப் பெருக்கும் சின்னச் சுற்றுகள். ஒவ்வொன்றும் நினைவகத்துக்கு ஓடுவதில்லை. கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அப்படி எண்கள் ஒரு பெருக்கியிலிருந்து பக்கத்துப் பெருக்கிக்கு நகர்கின்றன. போகிற வழியிலேயே பெருக்கிக் கூட்டப்பட்டுவிடுகின்றன. ஒருமுறை எடுத்துவந்த எண் பல கைகளுக்குப் பயன்படுகிறது. 1970களின் கடைசியில் எச்.டி. குங், சார்லஸ் லைசர்சன் இருவரும் முன்வைத்த யோசனை இது. இதயம் துடித்துத் துடித்து ரத்தத்தைத் தள்ளுவதை வைத்து 'சிஸ்டாலிக்' என்று பெயரிட்டிருந்தார்கள்.

வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், கலவை இயந்திரத்திலிருந்து சட்டி வராவிட்டால் சும்மாதான் நிற்க வேண்டும். முதல் டிபியுவுக்கு நேர்ந்தது அதுதான். சோதித்த ஆறு பயன்பாடுகளில் நான்கு, நினைவகத்தின் வேகம் போதாமல் தடுமாறியதாக அதை உருவாக்கியவர்களே 2017-இல் எழுதினார்கள். அடுத்த தலைமுறைச் சில்லில், அடுக்கடுக்காகக் கட்டிய வேகமான நினைவகத்தைக் கொண்டுவந்து செயலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள்.