திசுக்காப்பு மருந்து

நாக்குப் புற்றுக்கு அறுவை முடிந்து, அடுத்ததாகக் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்ச்சிகிச்சைக்கு, நாள் குறித்திருந்த அண்டை வீட்டுப் பெரியவர், மருத்துவமனையில் கொடுத்த மடிப்புத் தாளை என்னிடம் நீட்டி, “தம்பி, இந்த ஊசி கதிர்வீச்சைத் தடுக்கும்னு போட்டிருக்கே, தடுத்துட்டா அப்புறம் கரண்ட் எதுக்கு?” என்று கேட்டார். தாளில் அமிஃபாஸ்டின் என்ற பெயருக்கு நேரே ‘கதிர்வீச்சுத் தடுப்பு மருந்து’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. இதே தொடரை நலவாழ்வுப் பக்கங்களில் பலமுறை பார்த்துப் பேசாமல் கடந்திருக்கிறேன். அன்று கடக்க முடியவில்லை.

இவ்வகை மருந்துகளுக்கு மருத்துவர்கள் வழங்கும் பொதுப்பெயர் சைட்டோபுரொடெக்டன்ட். செல்லைச் சுட்டும் முற்பகுதி உட்குழிந்த பாத்திரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், பிற்பகுதி முன்னின்று மூடிக் காத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்தும் வந்தவை. புற்றுநோய்ச் சிகிச்சையின் நச்சிலிருந்து நலமான திசுவைக் காப்பது என்பது பொருள்.

அமிஃபாஸ்டின் போர்க்களத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனம், அணுகுண்டுக் கதிர்வீச்சிலிருந்து படைவீரரைக் காப்பதற்காக உருவாக்கிய சேர்மங்களுள் ஒன்று அது, டபிள்யூ.ஆர்.-2721 என்ற அதன் பழைய குறியெண்ணில் முன்னிற்பவை அந்நிறுவனத்தின் முதலெழுத்துகளே. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதைக் குறைக்க 1995இலும், தலை, கழுத்துப் பகுதிக் கதிர்ச்சிகிச்சையால் வாய் உலர்ந்துபோவதைக் குறைக்க 1999இலும் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. நலமான திசுவில் மிகுந்திருக்கும் அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்னும் நொதி அதிலுள்ள பாஸ்ஃபேட்டைக் கழற்றிய பிறகே அது வேலை செய்யத் தொடங்குகிறது. புற்றுத் திசுவில் அந்நொதி குறைவாகையால் அங்கே காவலும் குறைவு.

ஆக, கதிர் உடலுக்குள் வரத்தான் செய்கிறது. அது கிளப்பிவிடும் தனியுறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்), அதாவது செல்லைச் சிதைக்கும் வேகமான மூலக்கூறுத் துண்டுகளைத்தான் இம்மருந்து பிடித்து அடக்குகிறது. கதிரைத் தடுப்பது ஈயக் கவசத்தின் வேலை. தடுப்பூசி, தடுப்பணை என்று நாம் நாளும் சொல்லும்போது, வருவதை வரவிடாமல் நிறுத்துவதையே கருதுகிறோம்; அச்சொல்லை இங்கே ஒட்டினால், பெரியவர் கேட்ட கேள்வி எழாமல் எப்படி இருக்கும்?

தடுப்பை விட்டவர்கள் ‘வேதிப் பாதுகாப்பான்’ என்றும் ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பான்’ என்றும் எழுதுகிறார்கள். மெய்காப்பாளன் மெய்யைக் காக்கிறான், வாயிற்காப்போன் வாயிலைக் காக்கிறான். தமிழில் காப்புக்கு முன்னே நிற்பது பெரும்பாலும் காக்கப்படும் பொருள். அப்படியானால் இந்தப் பாதுகாப்பான் வேதிப்பொருளையும் கதிர்வீச்சையும் அல்லவா காத்துக்கொண்டிருக்கிறான்? ‘தீப் பாதுகாப்பு’ என்று பலகை எழுதிப் பழகிய கை இப்படித்தான் எழுதும். போதாக்குறைக்கு, ஊசிமருந்துக்கு ஆண்பால் விகுதி வேறு. பூச்சிக்கொல்லியைப் போல இகரத்தில் முடிக்கலாமே என்பார்க்கு ஒன்று: ‘திசுக்காப்பி’ என்றால் தமிழ்நாட்டில் டம்ளரை நீட்டுவார்கள்.

‘உயிரணுக் காப்பு’ என்பதும் எனக்கு உவப்பில்லை. பேச்சுவழக்கில் உயிரணு என்றால் பலர் விந்தணுவையே எண்ணுகிறார்கள். செல்லுக்கு இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘கலம்’, பாத்திரத்தையும் குறிப்பதால், அந்தக் கிரேக்க வேரோடு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. தூய்மை நோக்கினால் ‘கலக்காப்பு’ என்பதே முதலிடம் பெற வேண்டும். ஆனால் கேட்பவர் காதில் ‘கலக்கு’ என்று விழும் என்பதோடு, கலமோ செல்லோ, எதைச் சொன்னாலும் புற்றும் அதுதானே என்ற ஐயம் எழும். புற்றையும் சேர்த்துக் காத்துவிடுமோ என்பது மருத்துவர்களே எழுப்பிய ஐயம்தான். எனவே ‘திசுக்காப்பு மருந்து’ என்றும், தெளிவு வேண்டிய இடத்தில் ‘நலத்திசுக் காப்பு மருந்து’ என்றும் எழுதுவதே தக்கது என்பேன். திசு தமிழன்று என்று சினப்பவர்கள் ‘இழையம்’ என்று மாற்றிக்கொள்ளட்டும். காப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஏனெனில் காப்பு முந்தி வருவது. திருவிழா தொடங்குமுன் காப்புக் கட்டுகிறோம். நூல் தொடங்குமுன் காப்புச் செய்யுள் பாடுகிறோம். அமிஃபாஸ்டினும் கதிர் பாய்ச்சுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு ஏற்றப்படுகிறது. மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து அதன் நச்சிலிருந்து காக்கத் தரப்படும் லியூகோவோரினோ பிந்தி வருவது. மருத்துவர்களே அதை மீட்பு என்கிறார்கள். அந்த மடிப்புத் தாளின் மறுபக்கத்தில் அதற்கும் ‘தடுப்பு மருந்து’ என்றே போட்டிருந்தார்கள். இரண்டையும் பென்சிலால் அடித்துத் திருத்திப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் முதல் திருத்தத்தை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, “காப்பா? சரி, கட்டிக்கிட்டே போறேன்” என்றார்.