சப்போர்ட் ரன்னிங் = துணையோட்டம்

அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸ் பயிற்சியில், பந்தைச் சக ஆட்டக்காரருக்கு எறியும் 'பாஸ்' என்பதற்கு அடுத்தபடியாகக் காதில் விழும் சொல் 'சப்போர்ட்'. பந்தோடு ஓடுபவரை எதிரணி மடக்கும்போது, பந்தை வாங்கிக்கொள்ளத் தோதான இடத்துக்கு ஓடி வருவதுதான் சப்போர்ட் ரன்னிங்.

சொல்லின் வேர் லத்தீன். 'சுப்' என்றால் கீழே, 'போர்த்தாரே' என்றால் சுமப்பது. கீழிருந்து தாங்குவது என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

தமிழில் இதை 'ஆதரவு ஓட்டம்' என்று எழுதினால் எனக்கு ஒப்பவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினாலும் ஆதரவுதானே! 'துணையோட்டம்' என்பதே பொருந்தும். வழித்துணை என்கிறோமே, அந்தத் துணை. அதோடு எத்துணை, இத்துணை என்னும்போது துணைக்கு 'அளவு' என்றும் பொருள் உண்டு. இந்த ஓட்டத்தின் உயிரே அந்த அளவில்தான் இருக்கிறது.

ரக்பியில் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. அதனால் துணைக்கு வருபவர் பின்னால்தான் வர வேண்டும். ரொம்ப ஒட்டி வந்தால் ஒரே தடுப்பாளர் இருவரையும் பார்த்துக்கொள்வார். ரொம்பப் பின்தங்கினால் பந்து போய்விடும். 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் நெட் ஹேக் என்ற இறைச்சிக்கடைக்காரரின் யோசனையில் பிறந்த ஆட்டம் செவன்ஸ். வழக்கமான ரக்பியில் 15 பேர் ஆடும் அதே அளவு மைதானத்தில் இங்கே அணிக்கு 7 பேர்தான். ஆளுக்கு ஆள் இடைவெளி அதிகம் என்பதால், துணை இல்லாமல் மாட்டிக்கொண்டவருக்குக் கைகொடுக்க அடுத்த ஆள் வெகுதூரம் ஓடி வர வேண்டும்.

இரண்டு பேருக்கு எதிராக ஒருவரை நிறுத்திப் பழகும்போது இது பளிச்சென்று புரியும். பந்து வைத்திருப்பவர் தடுப்பாளரை நோக்கி நேராக ஓடி, அவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். துணையோட்டக்காரர் சில அடி பின்னாலிருந்து, கைகளை நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி வேகமெடுத்து வர வேண்டும். பந்து அவருடைய உடம்புக்கு வராமல், அடுத்த எட்டில் அவர் கை இருக்கப்போகும் இடத்துக்கு வந்தால் வேகம் குறையாது.

'பாஸ்' என்பதற்கு, கால்பந்தில் சொல்வதுபோல 'கடத்துதல்' என்பதே போதும். 'கட' என்பதிலிருந்து வந்த சொல், பொருள் கச்சிதம்.

புதிதாகப் பழகுபவர்கள் பந்தைக் கடத்தியதும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி நிற்கக் கூடாது. கொடுத்த கையோடு, வாங்கியவருக்குப் பின்னால் வளைந்து ஓட வேண்டும். இப்போது துணை, பந்தைக் கொடுத்தவர்தான்.