உறைவிந்து

பொலிகுதிரையிடமிருந்து எடுத்து, திரவ நைதரசனுக்குள் −196 பாகை செல்சியஸில் சேமித்து வைக்கும் விந்துதான் உறைவிந்து. கொழும்பில் மிருக வைத்தியர்களின் பேச்சில் இது 'ஃபுரோசன் சீமன்'. அதை அடைக்கும் அரை மில்லிலீற்றர் குழல் 'ஸ்ட்ரோ'. இந்த நகரத்தில் குதிரை என்றால் பொலிஸ் குதிரைப்படையும் பழைய ரேஸ்கோர்ஸ் மைதானமும்தான் நினைவுக்கு வரும். குதிரை வளர்ப்புக்கென்று தனிச்சொற்கள் இங்கே அதிகம் புழங்கவில்லை. மாட்டுப் பண்ணையிலிருந்து கடன் வாங்க வேண்டியதுதான்.

'பொலிகுதிரை'யும் அப்படி வந்ததே. பொலி என்றால் பெருகு. இனம் பெருக்க வைத்திருக்கும் காளை பொலிகாளை. ஆங்கிலத்து 'ஸ்டாலியன்' கொட்டிலைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது, அதாவது கட்டி வைத்து வளர்க்கும் குதிரை. நம் சொல் வேலையைச் சொல்கிறது; எனக்கு அதுவே பிடிக்கும்.

'சீமன்' இலத்தீனில் விதை. நம்முடைய 'விந்து' வடமொழி 'பிந்து'விலிருந்து வந்தது, பொருள் துளி. ஓசையைப் பார்த்து வித்தோடு முடிச்சுப் போடுவது தவறு. பாடநூல்களில் சுக்கிலம் என்றும் உண்டு.

சிக்கல் 'உறை'யில்தான். பால் தயிராக உறைகிறது, குருதி உறைகிறது, நீரும் உறைகிறது. மூன்றுக்கும் ஒரே வினை. பொலிகுதிரையின் விந்திலோ இயல்பாகவே கூழ் போன்ற ஒரு பகுதி உண்டு, அதை வடிகட்டி நீக்குவார்கள். ஆகவே 'உறைந்த விந்து' என்று எழுதினால் கட்டிபட்டது என்றும் படிக்கலாம். உறைபனியைப் போல 'உறைவிந்து' என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் குறையும். சுமார் 5 பாகையில் ஓரிரு நாள் வைத்து அனுப்புவது வேறு சரக்கு. அதற்குக் குளிர்விந்து சரியான பெயர். செய்திகளில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள்.

அப்புறம், 'உறைவிந்தின் தரம்' என்றால் உருக்கிய பின் மிஞ்சுவது. குழலை 37 பாகை நீரில் 30 விநாடி அமிழ்த்தி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். விந்தணுக்களில் 30 முதல் 35 சதவீதமாவது முன்னோக்கி நீந்தினால் பொதுவாக ஏற்கிறார்கள். பொலிகாளைகளைத் தேர்வதில் விந்து உறைதலைத் தாங்குமா என்பதும் ஒரு கணக்கு. குதிரைகளை ஓட்டத்துக்கும் தோற்றத்துக்கும் தேர்ந்தார்கள். அதனால் பெயர்பெற்ற குதிரையின் விந்தே உருகியதும் படுத்துவிடுவதுண்டு.

1949இல் கிறிஸ்டோபர் போல்ஜ் குழுவினர், விந்தணுவை உறைதலிலிருந்து கிளிசரோல் காப்பதைக் கண்டறிந்தார்கள். பெயர்ச்சீட்டு மாறிய போத்தலால் வந்த யோகம் அது! உறைவிந்தில் முதல் குதிரைக்குட்டி பிறந்தது 1957இல். ஆனால் கிளிசரோல் கூடினால் குதிரை விந்தணுவுக்கு நஞ்சு. சில குதிரைகளுக்கு அதற்குப் பதிலாக டைமெத்தில்ஃபோர்மமைட் என்ற காப்புப்பொருள் பொருந்துகிறது. மையநீக்கியில் சுழற்றி விந்துப்பாய்மத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, ஆடை நீக்கிய பாலும் முட்டை மஞ்சட்கருவும் சேர்ந்த கலவையில் அணுக்களை வைக்கிறார்கள். கூழ்மப் படலம் ஒன்றின் ஊடாகச் சுழற்றி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் முறையும் இருக்கிறது.

நுவரெலியாப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு இதைக் கேட்பவர்களுக்கு ஒன்று: பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரைகளுக்கு உறைவிந்து செல்லாது. நேரடியாக இணைந்து பிறந்த குட்டியைத்தான் அந்த இனப்பதிவேட்டில் சேர்ப்பார்கள்.