பூமாவைப் பிடிக்கச் சொல்லுமுன் பட்டிக்குக் கூரை போடுங்கள்

மறுபடியும் அதேதான். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் மலையடிவாரத்து வீடு, ஐந்தடிக் கம்பிவேலிக்குள் ஆடுகள், மேலே திறந்த வானம். இரவில் பூமா, அதாவது அமெரிக்காவில் மலைச்சிங்கம் என்று சொல்லும் பெரிய காட்டுப்பூனை, உள்ளே குதித்திருக்கிறது. காலையில் ஒன்றும் உயிரோடு இல்லை. அதற்குள் டோர்பெல் கேமரா வீடியோ வாட்ஸாப் முழுக்கச் சுற்றிவிட்டது, நம் தமிழ்க் குழுக்கள் உட்பட. கீழே வழக்கமான கேள்வி: “பிடித்துக்கொண்டுபோய்த் தூரக் காட்டில் விட்டால் என்ன?”

இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தூரக் காடு காலியாகக் கிடக்கவில்லை. வளர்ந்த ஆண் பூமாவுக்குச் சில நூறு சதுர கிலோமீட்டர் எல்லை வேண்டும். மானும் மறைவிடமும் உள்ள நல்ல காடு என்றால் அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் ஆண் இருக்கும். புதிதாக வந்ததை அது கடித்துக் கொல்லும், இல்லையென்றால் துரத்தும். துரத்தப்பட்டது சாலையில் அடிபடும், அல்லது பழைய இடத்தை நோக்கி நடக்கும். நியூ மெக்சிகோவில் 1989 முதல் 1993 வரை இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 14 பூமாக்களைப் பிடித்து, சராசரியாக 450 கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். ஆய்வு முடிவதற்குள் ஒன்பது இறந்துவிட்டன. இரண்டு ஆண்கள் அவ்வளவு தூரமும் நடந்து பழைய எல்லைக்கே திரும்பின.

சரி, போனது போகட்டும் என்றாலும் இங்கே அந்த இடம் சும்மா இருக்காது. தாயைப் பிரிந்து எல்லை தேடி அலையும் இளம் ஆண் வந்து உட்காரும். மான் வேட்டையில் இன்னும் தேறாதது அது; சுலபமாகக் கிடைக்கும் ஆட்டைத்தான் முதலில் பார்க்கும். வாஷிங்டன் மாநிலத்தில் பூமாக்களை அதிகமாகக் கொன்ற பகுதிகளில் அடுத்த ஆண்டு புகார்கள் கூடத்தான் செய்தன. ஆடு அதே, வேலி அதே, பூமா மட்டும் வேறு.

“எல்லாவற்றையும் கொன்றுவிட்டு ஒன்றைத்தான் தின்றது, ரத்தவெறி” என்பது அடுத்த குற்றச்சாட்டு. காட்டில் ஒரு மான் விழுந்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டை அத்தோடு முடியும். பட்டிக்குள் ஓட வழியில்லை. கத்திக்கொண்டு முட்டிமோதும் ஒவ்வோர் ஆடும் அதை மறுபடி பாயவைக்கும். 2016 நவம்பரில் மாலிபு அருகே ஒரே பண்ணையில் பத்து அல்பக்காக்கள் (கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு) மாண்டது இப்படித்தான்.

நம்மைக் கண்டு பூமா எவ்வளவு நடுங்குகிறது என்பது அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை (காலர்) கட்டிச் செய்யும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியும். ஜிபிஎஸ் புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால், அங்கே போய்த் தேடுவோம். சருகும் மண்ணும் இழுத்து மூடிய மான் கிடக்கும். விலா எலும்பு ஓரம் திறந்திருக்கும், மயிர் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிப் போட்டிருக்கும். சாண்டா குரூஸ் ஆய்வாளர்கள் இத்தகைய இரைகளின் அருகே மனிதப் பேச்சை ஒலிபரப்பினார்கள். 83 சதவீதம் தடவை பூமா இரையை விட்டு ஓடியது. தவளைச் சத்தத்துக்கு ஓடியது ஒரே தடவை. வீடுகள் நெருங்கிய பகுதிகளில் பெண் பூமாக்கள் 36 சதவீதம் கூடுதலாக மான் அடிக்கின்றன. அடித்ததை முழுதாகத் தின்ன நாம் விடுவதில்லை. ஆகவே சருகு மூடிய மானைக் கண்டால் படம்பிடிக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

இனி பட்டி. பொழுது சாய்வதற்குள் ஆடுகளை உள்ளே அடைத்துவிடுங்கள், நன்றாக விடிந்தபின் திறந்துவிடுங்கள். நான்கு பக்கமும் அடைப்பு, மேலே கூரை, தாழ்ப்பாள் போட்ட கதவு. பத்தடி வேலியையும் பூமா எம்பித் தாண்டும் என்பதால் உயரத்தை நம்பிப் பயனில்லை. கோழிவலையைக் கிழித்துவிடும், செயின்லிங்க் வலையோ தடித்த வெல்டு வலையோ போடுங்கள். கூரைவலைக்கு அடியில் குறுக்குச் சட்டம் வேண்டும், மேலே ஏறி நின்றால் தாங்க வேண்டுமே. தார்ப்பாய் கூரையாகாது. கதவுக்கும் கூரைக்கும் நடுவே விட்ட இடைவெளியைத்தான் பலர் மறந்துபோகிறார்கள். அசைவுக்கு எரியும் விளக்கு துணைக்குத்தான். சில நாளில் பழகிவிடும். மானுக்குத் தீனி வைக்காதீர்கள், மான் வந்தால் பின்னாலேயே பூமாவும் வரும்; கலிபோர்னியாவில் அது சட்டப்படியும் குற்றம்.

எலிவிஷம் வேண்டவே வேண்டாம். அதைத் தின்ற விலங்குகள் வழியாகப் பூமாவுக்குள்ளும் ஏறிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பூங்காவில் வாழ்ந்த பி-22 என்ற பூமா 2014இல் சொறி பிடித்து உருக்குலைந்து நின்றபோது, அதன் ரத்தத்தில் எலிவிஷம் இருந்தது. வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். எலிவிஷம் பற்றிய கலிபோர்னியச் சட்டம் 2020இல் கடுமையானது, ஆனால் விதிவிலக்குகள் உண்டு. எலிப்பொறி வையுங்கள், எலி நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

பூமாவை நேருக்கு நேர் பார்த்தால் ஓடாதீர்கள். முகம் கொடுத்து நின்று, கையை விரித்து, உரக்கக் கத்துங்கள். குழந்தையைத் தூக்கும்போதும் பூமாமேல் இருந்து கண்ணை எடுக்காதீர்கள், முழுதாகக் குனியாதீர்கள். பின்னோக்கி மெல்ல நகருங்கள். பாய்ந்தால் கையில் கிடைத்ததைக் கொண்டு அடியுங்கள். கலிபோர்னியாவில் 2004க்குப் பிறகு பூமா தாக்கி ஒருவர் இறந்தது 2024இல்தான். அபாயம் அரிது, ஆனால் அந்தி நேரத்தில் பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். உடம்பெல்லாம் புள்ளியோடு பூமாக் குட்டிகள் புதரடியில் தனியே கிடந்தால், தாய் இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வேட்டைக்குப் போன தாய் ஒரு நாளுக்கு மேல்கூட வராமல் இருக்கும். தொடாமல், பால் ஊற்றாமல் விலகி வந்து, மாநில வனவிலங்குத் துறைக்கு மட்டும் இடத்தைச் சொல்லுங்கள். தயவுசெய்து வாட்ஸாப்பில் போடாதீர்கள்.